எந்தப் பூ வந்தது?

பீளமேடு,
12-6-94

அன்புத் தங்கை பாவாத்தாளுக்கு, அக்கா நஞ்சம்மாள் எழுதுவது. இங்கே நானும் உன் மச்சானும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். என் முழங்கால் வலி போவதும் வருவதுமாக இருக்கிறது. உன் சர்க்கரை எப்படி, மருதாசலம் மாப்பிள்ளைக்கு இருமல் நின்றதா என்று எழுது.

போன வாரத்தோடு எனக்கு ஐம்பத்தேழு முடிந்தது. வயதானால் முடி நரைக்கும், பல் ஆடும் என்று மட்டும்தான் நினைத்திருந்தேன். காப்பிக்குச் சர்க்கரை போட்டேனா இல்லையா என்று ஒரு வாய் குடித்துப் பார்க்க வேண்டிவரும் என்று யாரும் சொல்லவில்லை. பையன் தனபால் ஓசூருக்கு வேலைக்குப் போன பிறகு இரண்டு பேருக்குச் சமைக்கக் கை பழகவே ஒரு வருஷம் ஆனது.

எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் உன் மச்சான் வீட்டிலேயே இருப்பது. முப்பத்து நான்கு வருஷம் மில் ஷிப்ட்டுக்குப் போய் வந்த மனிதர். பகல் ஷிப்ட் என்றால் ஆள் இல்லை, நைட் ஷிப்ட் என்றால் தூக்கம். அவரை முழு நாளும் நான் பார்ப்பது ரிட்டையர் ஆன இந்த இரண்டு வருஷமாகத்தான். பார்க்கப் பார்க்க எனக்குச் சந்தேகம்தான் வருகிறது, அம்மணி.

மொபெட்டைத் துடைத்து மூடி வைத்துவிட்டார். கேட்டால் இடுப்பு வலி என்கிறார். இடுப்பு வலிக்காரர் செவ்வாய்க்கிழமையானால் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே காந்திபுரம் போகிறார். மூன்று மணி நேரம் கழித்து வெறுங்கையோடு வருகிறார். பேப்பரை அவர் கையால் தொடுவதில்லை. என்னைப் படிக்கச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறார். "நீ படிச்சாத்தான் சேதி மாதிரி இருக்குது" என்று ஒரு ஐஸ் வேறு. இத்தனை வருஷத்தில் நான் படித்த ஒரு வரியையாவது காது கொடுத்துக் கேட்டிருப்பாரா?

போன செவ்வாய் வெறுங்கையோடு வரவில்லை. இரண்டு டஜன் கண்ணாடி வளையல். எனக்கு! கல்யாணச் சேலைக்குப் பிறகு அவராக வாங்கிய முதல் சாமான். போட்டுக்கொள்ளச் சொல்லிப் பக்கத்தில் நின்றார். போட்டுக்கொண்டேன். ஆனால் தப்பு செய்கிற ஆம்பளைதான் திடீரென்று வளையல் வாங்குவான் என்று மனசுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. சிரிக்காதே. சிரித்தாலும் பதிலில் எழுதாதே.

உன் அக்கா,
நஞ்சம்மாள்


வெள்ளகோவில்,
25-6-94

அக்காளுக்குப் பாவாத்தாள் வணக்கம். இங்கே எல்லாரும் சௌக்கியம். என் வீட்டுக்காரருக்கு இருமல் நின்றுவிட்டது. எனக்குச் சர்க்கரை நிற்பதாக இல்லை.

சிரித்துவிட்டேன், அக்கா. எழுதக் கூடாது என்றாய், எழுதிவிட்டேன். அறுபது வயதில் மச்சானுக்கு என்ன வந்தது, உனக்குத்தான் என்ன வந்தது? ரிட்டையர் ஆன ஆம்பளைகள் இப்படித்தான் ஊரைச் சுற்றுவார்கள். இவரும் தோட்டத்துக்குப் போகாத நாளில் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து எந்த வண்டி எத்தனை மணிக்குப் போகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இங்கே பக்கத்து வீட்டில் கேபிள் போட்டிருக்கிறார்கள். சாயந்திரமானால் ஒரு பெண்பிள்ளையும் வாசலுக்கு வருவதில்லை. பேச ஆள் இல்லாமல் நான் மாட்டிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். நீ புருஷனைச் சந்தேகப்படுகிறாய். யாருக்கு வயதானது அதிகம் என்று நீயே சொல்.

வளையலைக் கழற்றாமல் போட்டுக்கொள். வாங்கித் தர ஆள் இருக்கிறதே.

இப்படிக்கு,
பாவாத்தாள்


பீளமேடு,
20-7-94

அன்புள்ள பாவாத்தாளுக்கு, நலம்தான். உன் கேலி வந்து சேர்ந்தது. இதையும் படித்துவிட்டுச் சிரி.

இந்த வீட்டில் இப்போது ஒரு சாமானை நகர்த்தக் கூடாது. கூட்டுவதற்காக அவர் நாற்காலியை ஒரு முழம் தள்ளிப் போட்டேன். அதற்கு என்ன கத்தல்! "வெச்ச எடத்துல வெக்கத் தெரியாதா புள்ள?" அவர் டம்ளர், செம்பு, செருப்பு எல்லாம் அதனதன் இடத்தில் சிப்பாய் மாதிரி நிற்க வேண்டும். எப்போது பார்த்தாலும் நாற்காலியிலிருந்து வாசல் வரை மெதுவாக நடக்கிறார், திரும்ப வருகிறார். வாக்கிங்காம். வாக்கிங் போகிறவர் வீட்டுக்குள்ளா போவார்?

போன செவ்வாய் அவர் கிளம்பியதும் அடுத்த பஸ்ஸில் நானும் ஏறிவிட்டேன். ஆமாம், பின்னாலேயே போனேன். வெட்கமாகத்தான் இருந்தது. காந்திபுரத்தில் இறங்கினால் தலைகள்தான் தெரிகின்றன. தேடித் தேடிப் பார்த்தேன். டவுன் பஸ் நிற்கிற இடத்தில் யாரோ ஒரு பெண்பிள்ளையோடு பேசிக்கொண்டிருந்தார். முப்பது வயதிருக்கும். அவள் கையை நீட்டி நீட்டி எதையோ காட்டினாள். இவர் தலையை ஆட்டினார். நான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போவதற்குள் ஒரு பஸ் குறுக்கே வந்தது. அது நகர்ந்த பிறகு இரண்டு பேரையும் காணோம்.

சாயந்திரம் "இன்னைக்கு ஆரைப் பார்த்தீங்க?" என்று சாதாரணமாகக் கேட்டேன். "ஆரையும் பாக்கலையே" என்றார். பாவாத்தா, அவர் பொய் சொன்னால் எனக்குத் தெரியும். காது மடலைத் தடவுவார். தடவினார்.

வருகிற செவ்வாய் ஓசூர் போய்த் தனபாலைப் பார்த்துவிட்டு இரண்டு நாளில் வருகிறாராம். என்னைக் கூப்பிடவில்லை. நானும் கேட்கவில்லை. போகட்டும்.

எனக்கு ஒரு வழி சொல்லி எழுது. கேலி வேண்டாம்.

நஞ்சம்மாள்


வெள்ளகோவில்,
30-8-94

அக்காளுக்கு வணக்கம். நலம். பதில் எழுத நேரமாகிவிட்டது. மன்னித்துக்கொள்.

இங்கே ஒரு மழை பெய்தது. சோளம் விதைத்தோம். செவலைப் பசு கன்று போட்டிருக்கிறது, கிடாரிக் கன்று. இவரும் நன்றாக இருக்கிறார். அவருடைய பங்காளி வீட்டில் ஒரு பெரியவர் போன மாதம் தவறிவிட்டார். அந்தத் தீட்டு, காரியம் என்று அலைச்சல். அதனால்தான் எழுதவில்லை.

மச்சானைப் பற்றி நீ எதையும் தப்பாக நினைத்துக்கொள்ளாதே, அக்கா. நல்ல மனுஷர். ரொம்ப இளைத்துப்போய்விட்டார். கொஞ்சம் நெய் சேர்த்துப் போடு. நாற்காலியை நகர்த்தாதே என்று சொன்னால் நகர்த்தாதே.

உன் முழங்காலுக்குத் தைலம் போடு.

பாவாத்தாள்


பீளமேடு,
6-9-94

பாவாத்தாளுக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. நேராகக் கேட்கிறேன்.

உன் மச்சான் இளைத்துவிட்டார் என்று உனக்கு எப்படித் தெரியும்? தைப் பொங்கலுக்குப் பிறகு நீ அவரைப் பார்க்கவில்லை. அவர் இளைத்தது ஆடியில்தான். நானும் உனக்கு அதை எழுதவில்லை. என் கடிதங்களில் என்ன எழுதினேன் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது.

உன் கடிதம் வந்த அன்றே எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்த் தனபாலைக் கூப்பிட்டேன். "அப்பா எப்ப வந்தாரும்மா?" என்று அவன் என்னையே திருப்பிக் கேட்கிறான். நான் ஏதோ சொல்லிச் சமாளித்துப் போனை வைத்தேன். ஓசூருக்குப் போகாதவர் அந்த இரண்டு நாள் எங்கே இருந்தார்? உன் வீட்டில் இருந்தார். இல்லையென்று எழுது பார்க்கலாம்.

வேறு யார் மறைத்தாலும் எனக்கு வலிக்காது. புருஷன் மறைப்பதைச் சொல்லத்தான் தங்கச்சிக்கு எழுதினேன். அந்தத் தங்கச்சியே அவரோடு சேர்ந்துகொண்டு மழையையும் கன்றுக்குட்டியையும் எழுதுகிறாள். என்ன பேசினீர்கள்? காந்திபுரத்தில் பார்த்தேனே, அந்தப் பெண்பிள்ளை யார் என்று உனக்குத் தெரியுமா? இந்த வயதில் என்னை எங்கே கொண்டுபோய் விடுவதாக உத்தேசம்?

பதில் வேண்டும்.

நஞ்சம்மாள்


பீளமேடு,
10-10-94

பாவாத்தாளுக்கு,

ஒரு மாதம் ஆகிவிட்டது. தபால்காரர் நம் வீட்டைத் தாண்டிப் போகும்போது என் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டார்.

நேற்று மில்லில் அவரோடு வேலை செய்த வெங்கடபதி வந்தார். முன்கூடத்தில் நின்றுகொண்டே, "ஏனுங்கம்மா, நான் என்னங்க தப்புப் பண்ணினேன்? ரோட்டுல எதுக்கால வந்தாரு. வணக்கம் வெச்சேன். கல்லு மாதிரித் தாண்டிப் போயிட்டாருங்க" என்றார். இருபத்தைந்து வருஷப் பழக்கம். எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது. இவரைக் கேட்டால், "கவனிக்கலை" என்று ஒரே சொல். காது மடலைத் தடவினார்.

மனுஷர்கள் வேண்டாம் என்று ஆகிவிட்டதா அவருக்கு? நானும் வேண்டாமா? ராத்திரி பகலாக இதே யோசனை. பேப்பர் படிக்கிறேன், வளையல் போட்டிருக்கிறேன், நாற்காலியை நகர்த்துவதில்லை. இன்னும் என்ன செய்ய வேண்டும் என்று தெரியவில்லை.

எழுத மனமில்லையென்றால் தீபாவளிக்கும் வர வேண்டாம்.

நஞ்சம்மாள்


வெள்ளகோவில்,
20-10-94

அக்காளுக்கு, கைகூப்பி எழுதுகிறேன். முழுவதும் படித்துவிட்டு என்னைத் திட்டு.

மச்சான் இங்கேதான் வந்தார். வந்தவர் எங்கள் அருண்குமார் தலைமேல் என் கையை வைத்து, உன்னிடம் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் வாங்கிவிட்டார். பெற்ற பிள்ளை தலை, அக்கா. அதனால்தான் மழையையும் கன்றையும் எழுதினேன். இந்த மூன்று மாதமாக நான் சரியாகச் சாப்பிடவில்லை. நேற்று இவரே சொன்னார்: "சத்தியத்துக்குப் பயந்து ஒரு குடும்பத்தைக் கெடுக்கப் போறயா? எழுது, பாவம் என்னைச் சேரட்டும்." அதனால் எழுதுகிறேன்.

மச்சானுக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது.

கண்ணுக்குள்ளே அழுத்தம் ஏறிவிட்டதாம். இரண்டு கண்ணிலும். அவர் செவ்வாய்க்கிழமை போவது கண் டாக்டரிடம். காந்திபுரத்தில் அந்தப் பெண்ணிடம் அவர் கேட்டது பஸ் நம்பராகத்தான் இருக்கும். அவரால் படிக்க முடியவில்லை. போனது திரும்ப வராது, ஆபரேஷன் செய்தால் இருப்பது நிற்கும் என்று டாக்டர் மே மாதமே சொல்லியிருக்கிறார்.

ஆபரேஷன் பண்ணலாமா என்று சாமியிடம் பூக் கேட்கத்தான் இங்கே வந்தார். பெரிய கோயிலுக்குப் போனால் தெரிந்தவர்கள் பார்ப்பார்கள், உன் காதுக்கு வந்துவிடும் என்று, தோட்டத்துப் பக்கம் இருக்கிற கன்னிமார் கோயிலுக்கு இவரைக் கூட்டிக்கொண்டு மத்தியானத்தில் போனார். அங்கே நாங்கள் பொம்பளைகள்தான் போவோம். பூசாரிப் பண்டாரத்தைத் தவிர எந்த ஆம்பளையும் வர மாட்டான். இவருக்குத் தீட்டு, அதனால் வெளியிலேயே நின்றுவிட்டார். வாக்கு ஆகவில்லை. இரண்டு பேரும் திரும்பி வந்து, சாமி உத்தரவு தரவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாப்பிட்டார்கள். ஆபரேஷன் வேண்டாம் என்று மச்சான் முடிவு செய்துவிட்டார்.

நான் சொன்னதாக அவரிடம் காட்டிக்கொள்ளாதே.

பாவாத்தாள்


பீளமேடு,
6-11-94

பாவாத்தாளுக்கு, ஆசீர்வாதம். அருண்குமாருக்கு ஒன்றும் வராது. உன் சத்தியத்தை நான் வாங்கிக்கொண்டேன் என்று நம் மாரியம்மனிடம் சொல்லி, அவன் பெயருக்கு ஒரு விளக்கும் போட்டுவிட்டேன்.

உன் கடிதம் வந்த அன்று காப்பி போட்டுக்கொண்டு அவருக்கு வலப்பக்கம் போய் நின்றேன். வளையலை மேலே தள்ளிச் சத்தம் வராமல் பிடித்துக்கொண்டேன். அவர் திரும்பவே இல்லை. ஒரு முழ தூரத்தில் நிற்கிறேன், பாவாத்தா. வெறும் சுவரைப் பார்ப்பது மாதிரி நேரே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை விட்டேன். வளையல் குலுங்கியது. உடனே முகம் திரும்பியது, "காப்பியா?" என்று சிரித்தார். நான் எங்கே நிற்கிறேன் என்று தெரிந்துகொள்ளத்தான் வளையல் வாங்கியிருக்கிறார். நான் அதற்கு என்னவெல்லாம் பெயர் வைத்தேன்! அடுப்படிக்குப் போய் அழுதேன். முதலில் பாவப்பட்டு, பிறகு கோபத்தில்.

நீ சொன்னதாகச் சொல்லவில்லை. "உங்க கண்ணு என்னாச்சுங்க?" என்று நானாகவே கேட்டேன். மறைக்கவில்லை. "உனக்குத் தெரிஞ்சா என் கையைப் புடிச்சு நடத்திக் கூட்டிட்டுப் போவே. ஊரே பாக்கும்" என்றார். அறுபது வயது மனுஷனுக்கு அதுதான் பெரிய வெட்கமாம்.

தீபாவளிக்கு மறுநாள் அவரை இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். வலக் கண் முடிந்துவிட்டது. ஆடியில் வந்திருந்தால் கொஞ்சமாவது நின்றிருக்கும் என்றார். இடக் கண்ணை ஒரு மாதத்துக்குள் செய்தால் இருக்கிற பார்வை தங்கும், விட்டால் அதுவும் போய்விடும். தெளிவாகச் சொல்லிவிட்டார். வெளியே வந்ததும் இவர், "சாமி வேண்டாம்னு சொன்னதை மனுசன் பண்ணச் சொல்றான்" என்கிறார். எவ்வளவு மன்றாடியும் கேட்கவில்லை. தனபால் போனில் அழுதான். அதற்கும் அசையவில்லை.

அன்றைக்கு அந்தக் கோயிலில் என்ன நடந்தது, எந்தப் பூ வந்தது என்று மாப்பிள்ளையைக் கேட்டு எழுது. பூசாரி சரியாகத்தான் எடுத்தாரா? எனக்கு இப்போது சாமிமேலும் சந்தேகம் வருகிறது.

நஞ்சம்மாள்


வெள்ளகோவில்,
10-11-94

அக்கா,

உடனே எழுதுகிறேன்.

இவரை உட்கார வைத்துக் கேட்டேன். வெள்ளரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் வைத்து, பண்டாரம் ஒன்றை எடுத்துக் கொடுத்திருக்கிறார். மச்சான் மட்டும் உள்ளே போயிருக்கிறார். இவர் வெளியே செருப்பு விடுகிற இடத்தில் நின்றாராம். மச்சான் பொட்டலத்தோடு வந்து, "செவப்பு வந்துருச்சு" என்றிருக்கிறார். முகம் செத்துக் கிடந்ததால் இவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

மற்றக் கோயிலில் எல்லாம் வெள்ளை வந்தால்தான் சம்மதம். உங்கள் குலதெய்வத்துக்கும் அப்படித்தான், எங்களுக்கும் அப்படித்தான். ஆனால் இந்தக் கன்னிமாருக்கு மட்டும் செவப்புதான் சம்மதம், அக்கா. செவப்பு வந்தால் குலவை போட்டு வாங்கிக்கொள்வோம். வெள்ளை வந்தால் பேசாமல் திரும்பிவிடுவோம். இங்கே பூக் கேட்கிற எந்தப் பொம்பளையைக் கேட்டாலும் சொல்வாள். இந்த இரண்டு ஆம்பளைகளுக்கும் அது தெரியவில்லை. இவரிடம் சொன்னேன், தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

எந்தப் பூ என்று அன்றைக்கு நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். துக்கமான சமாச்சாரத்தை எதற்குக் கிளறுவது என்று சோறு போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு கண் என்னால் போயிற்று. என்னை என்ன வேண்டுமானாலும் சொல்.

பாவாத்தாள்


பீளமேடு,
15-11-94

அம்மணி பாவாத்தா,

உன்னால் போகவில்லை. அழுகையை நிறுத்து. வேலை இருக்கிறது.

இதை அவரிடம் சொன்னால் உடனே ஆபரேஷனுக்கு வருவார். ஆனால் வலக் கண்ணை நானே தொலைத்துவிட்டேன் என்று மிச்ச ஆயுசு முழுக்க நினைத்துக்கொண்டிருப்பார். அவர் உடம்பு எனக்குத் தெரியும், மனசும் தெரியும். அது அவரைத் தின்றுவிடும். அதனால் அவருக்குத் தெரியவே கூடாது. மாப்பிள்ளையும் வாயைத் திறக்கக் கூடாது.

நீ இன்னொரு கடிதம் எழுது. அவருக்கு நான் படித்துக் காட்டுவதற்கு. இடக் கண்ணுக்காக அதே கோயிலில் நீயே போய் மறுபடியும் கேட்டாய், வெள்ளைப் பூ வந்தது என்று எழுது. அவர் மனசில் வெள்ளைதான் சம்மதம். சாமி குற்றம் என்று பயப்படாதே. வந்தால் என் தலையில் வரட்டும்.

நான் சொல்லி எழுதியது மாதிரி இருக்கக் கூடாது. கன்றுக்குட்டியையும் எழுது.

நஞ்சம்மாள்


வெள்ளகோவில்,
21-11-94

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கும் அக்காளுக்கும் பாவாத்தாள் பணிவான வணக்கம். கன்னிமார் அருளால் நாங்கள் இங்கே சுகம். உங்கள் இருவர் சுகத்துக்கும் தினமும் வேண்டிக்கொள்கிறேன். கன்றுக்குட்டி நன்றாகத் துள்ளுகிறது.

மச்சானுக்கு உடம்பு சரியில்லை என்று அக்கா எழுதியதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. ஆகவே போன வெள்ளிக்கிழமை தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஒரு பொழுது இருந்து, கன்னிமார் கோயிலுக்குப் போனேன். மச்சானுடைய இடக் கண்ணுக்கு ஆபரேஷன் செய்யலாமா தாயே என்று மனசுருகிக் கேட்டேன். பண்டாரம் எடுத்துக் கொடுத்த பொட்டலத்தைப் பிரித்தால் நல்ல வெள்ளைப் பூ. பளிச்சென்று வெள்ளை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆடி மாதம் வேளை சரியில்லை, இப்போது வேளை வந்துவிட்டது என்று பண்டாரமும் சொன்னார்.

ஆகவே மச்சான் தைரியமாகச் சம்மதிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பணிவுள்ள,
பாவாத்தாள்


பீளமேடு,
26-11-94

அன்புத் தங்கை பாவாத்தாளுக்கு, அக்கா எழுதுவது. உடம்புக்கு ஒன்றும் இல்லை. உட்கார்ந்து படி.

உன் கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் இருந்தார். "பாவாத்தா எழுதியிருக்கறாளுங்க" என்றேன். "படி" என்றார். படித்தேன். வெள்ளைப் பூ வருகிற இடத்தில் குரலைக் கொஞ்சம் தூக்கிப் படித்தேன். முடித்ததும், "மறுக்காப் படி" என்றார். மறுபடியும் படித்தேன்.

"வெள்ளையா?"

"ஆமாங்க. பளிச்சுனு வெள்ளைன்னு எழுதியிருக்கறாளே."

"கன்னிமார் கோயில்லயா?"

"அங்கதானுங்க."

கை காது மடலுக்குப் போனது, பாதியில் இறங்கிவிட்டது. "அங்க வெள்ளை வந்தா வேண்டாம்னு அர்த்தம், புள்ள. செவப்பு வந்தாத்தான் ஆகும்" என்றார்.

கையிலிருந்த கடிதத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். உன் பொய், என் பொய் இரண்டும் அதில் இருந்தன. அதைவிட, அவருக்கு இது எப்படித் தெரியும்? "உங்களுக்கு ஆருங்க சொன்னா?" என்று கேட்டேன்.

"பண்டாரந்தான். பூவைக் கையில குடுக்கறப்பவே சொன்னாரு. ஆயிருச்சுங்க, தைரியமாப் போயி ஆபரேசன் பண்ணிக்கங்கன்னு."

"அன்னைக்கேவா?"

"அன்னைக்கே."

"அப்பறம் ஏனுங்க வேண்டாம்னு..."

"பயமா இருந்துச்சு" என்றார். "கண்ணுல கத்தி வெக்கறதை நெனச்சாக் கையும் காலும் வெலவெலங்குது. சாமி வேண்டாம்னு சொல்லீரும், தப்பிச்சுக்கலாம்னு போனேன். அது போன்னு சொல்லீருச்சு. வெளிய வந்து மருதாசலத்துகிட்டச் செவப்புன்னேன். அவனா வேண்டாம்னு நெனச்சுக்கிட்டான். நானும் அப்படியே உட்டுப்போட்டேன்."

நான் கத்திவிட்டேன், பாவாத்தா. பக்கத்து வீட்டில் கேட்டிருக்கும். "பயமா இருக்குதுன்னு எங்கிட்டச் சொன்னா உங்க தலை போயிருமா? ஒரு கண்ணைக் குடுத்தா மறைப்பீங்க? நான் உங்களுக்கு ஆருங்க?" என்று கேட்டேன். வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். வளையல் கையால் நெற்றியில் அடித்துக்கொண்டதில் நான்கு வளையல் உடைந்தது. நான் ஓய்ந்து உட்கார்ந்த பிறகு பார்த்தால், இரண்டு கண்ணிலும் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. பார்வை போன கண்ணும் அழும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

பிறகு அவராகவே கேட்டார்: "ஆமா, நீங்க ரெண்டு பேரும் எதுக்கு வெள்ளைன்னு எழுதுனீங்க?" எல்லாவற்றையும் சொன்னேன். உன் சத்தியத்தையும் சொல்லிவிட்டேன். நீ என்னைத் திட்டிக்கொள். "நான் நொந்துபோயிருவேன்னா?" என்றார். ஆமாம் என்றேன். ரொம்ப நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். சாயந்திரம், "நாளைக்கு டாக்டர்கிட்டச் சொல்லிரு" என்றார். இன்று காலையில் போய்ச் சொல்லிவிட்டு வந்தோம். தெருமுனையிலிருந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் அவர் கையை நான் பிடித்துத்தான் கூட்டிப்போனேன். யார் யார் பார்த்தார்களோ தெரியாது. நாங்கள் கவனிக்கவில்லை.

வருகிற வியாழக்கிழமை ஆபரேஷன். நீயும் மாப்பிள்ளையும் புதன்கிழமையே வந்துவிடுங்கள். தனபாலும் வருகிறான். பூக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று எங்கும் நிற்காதே.

அவருக்குப் பயமாக இருக்கிறதாம். நேற்றிலிருந்து பத்துத் தடவை சொல்லிவிட்டார். இத்தனை வருஷத்தில் இப்போதுதான் சொல்லக் கற்றிருக்கிறார், சொல்லட்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. அதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

உன் அக்கா,
நஞ்சம்மாள்